எஃப்4 முடித்த ஜப்பானிய ஓட்டுநர் எந்தப் பக்கம் போவது? சூப்பர் ஃபார்முலா, ஐரோப்பா, இண்டிகார்: ஓர் ஒப்பீடு

2025 நவம்பரில் சுசுகாவில் ஆயுமு இவாசா, ஜப்பானின் உச்ச ஒற்றை இருக்கைக் கார் தொடரான சூப்பர் ஃபார்முலாவின் பட்டம் வென்றார். சில நாட்களில், டிசம்பர் தொடக்கத்தில், ஃபார்முலா 1 (எஃப்1) அணியான ரெட் புல்லின் அறிவிப்பு வந்தது: 2026-இல் இசாக் ஹட்ஜாருக்கு இருக்கை, ஜப்பானின் யூகி சுனோடா ரிசர்வ் ஓட்டுநர். இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்த பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஐரோப்பாவுக்குப் போய் ஐந்து வருடம் எஃப்1 ஓட்டிய சுனோடா இருக்கையில்லாமல் நிற்கிறார், ஐரோப்பாவிலிருந்து ஊருக்குத் திரும்பிய இவாசா சாம்பியனாகிவிட்டார். அப்படியென்றால் ஜப்பானிலேயே இருந்துவிடுவது நல்லதா?

இளம் ஓட்டுநர்களின் முதல் படியான எஃப்4 (ஃபார்முலா 4) முடித்து 17, 18 வயதில் நிற்கும் ஓட்டுநரின் குடும்பம் இதே கேள்வியைப் பணத்தோடும் வயதோடும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பாதைகள் மூன்று. ஜப்பானில் இருந்து சூப்பர் ஃபார்முலா லைட்ஸ் வழியாக சூப்பர் ஃபார்முலாவுக்கு ஏறுவது ஒன்று. ஐரோப்பாவுக்குப் போய் எஃப்3, எஃப்2 வழியாக எஃப்1-ஐக் குறிவைப்பது இன்னொன்று. அமெரிக்காவில் இண்டி என்எக்ஸ்டி, அல்லது நேரடியாக அதற்கு மேல் படியான இண்டிகார் மூன்றாவது.

## முதலில் அளவுகோல்கள்

"எந்தக் கார் வேகம்?" என்பதை அளவுகோலாக வைத்தால் முடிவு தப்பாகப் போகும். சுசுகாவில் 2025 எஃப்1 குவாலிஃபையிங்கின் (தகுதிச் சுற்றின்) வேகமான நேரம் 1:26.983. சூப்பர் ஃபார்முலா கார் அதே தடத்தை ஏறத்தாழ 1:36-இல் சுற்றும். எஃப்1-க்கு அடுத்தபடியாக வளைவில் வேகமான ஒற்றை இருக்கைக் கார் இதுதான் என்று பலர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வேகமான காரை ஓட்டியவர் என்பதற்காக யாரும் எஃப்1 இருக்கை தருவதில்லை. பார்க்க வேண்டியவை வேறு.

பணம் யாருடையது? மூன்று பாதைகளையும் பிரிக்கும் முதல் கோடு இது. ஹோண்டா, டொயோட்டா என்ற இரண்டு நிறுவனங்களில் ஒன்று செலவை ஏற்கிறதா, குடும்பமும் ஸ்பான்சரும் ஏற்கிறார்களா என்பதைப் பொறுத்து மற்ற எல்லா விடைகளும் மாறும்.

சூப்பர் லைசென்ஸ், அதாவது எஃப்1 ஓட்டும் உரிமத்தின் கணக்கு. எஃப்1 ஓட்ட 18 வயது, சாலை ஓட்டுநர் உரிமம், ஒற்றை இருக்கைப் போட்டிகளில் இரண்டு முழுப் பருவங்களில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டியிருத்தல், எஃப்1 காரில் 300 கிலோமீட்டர், இவற்றோடு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் வேண்டும். வயதில் மட்டும் சிறு விதிவிலக்கு உண்டு. புள்ளிகள் இப்படி விழுகின்றன:

- எஃப்2: முதல் மூன்று இடத்துக்கும் தலா 40, நான்காம் இடத்துக்கு 30, ஐந்துக்கு 20, ஆறுக்கு 10
- எஃப்3: 30, 25, 20, 15, 12 என இறங்கும்
- சூப்பர் ஃபார்முலா: 25, 20, 15, 10 என இறங்கும்
- இண்டிகார் சாம்பியன்: 40
- எஃப்4 சாம்பியன்: 12

எஃப்1 வார இறுதியின் பயிற்சி ஓட்டத்தில் அபராதமில்லாமல் 100 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு புள்ளி, அதிகபட்சம் பத்து.

எஃப்2 வரிசையில் இருக்கும் பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். 2020-இல் சுனோடா 200 புள்ளிகளோடு மூன்றாவது. ஒரே ஒரு புள்ளியில் இரண்டாம் இடம் போனது. லைசென்ஸைப் பொறுத்தவரை அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, மூன்றாம் இடத்துக்கும் 40-தான். ஆறாம் இடத்துக்கு வெறும் 10. 2019-இல் நோபுஹாரு மட்சுஷிதா ஆஸ்திரியாவிலும் மோன்சாவிலும் ஃபீச்சர் ரேஸ் (வார இறுதியின் முதன்மை ரேஸ்) வென்றார். ஆண்டு முடிவில் ஆறாவது. வெற்றிகள் கண்ணுக்குத் தெரிந்தன, லைசென்ஸ் கைக்கு வரவில்லை.

எஞ்சின் வரைபடம். ஜப்பானியர்கள் எஃப்1-க்குள் நுழைந்த வருடங்களைப் பாருங்கள். 1987-இல் சத்தோரு நாகாஜிமா, ஹோண்டா எஞ்சின் பூட்டிய லோட்டஸில். 2002-இல் டகுமா சாட்டோ, ஹோண்டா எஞ்சின் ஜோர்டனில். கசுகி நாகாஜிமா, டொயோட்டா எஞ்சின் வில்லியம்ஸில். காமுய் கோபயாஷி 2009-இல் டொயோட்டாவிலேயே. சுனோடா, ஹோண்டாவும் ரெட் புல்லும் கைகோர்த்திருந்த காலத்தில். திறமை இல்லாமல் யாரும் நுழையவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தது பெரும்பாலும் எஞ்சின் உறவு. 2026-இல் ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினோடு, டொயோட்டா எஞ்சின் தராத கூட்டாளியாக ஹாஸோடு. ஐரோப்பா போவதா என்று யோசிக்கும்போது இந்த வரைபடத்தை விரித்து வைக்காமல் பேசுவதில் பொருளில்லை.

திரும்பி வரும் வழி. போன இடத்தில் சரிவராவிட்டால் எங்கே ஓட்டுவது, யார் சம்பளம் தருவார்கள்? குடும்பங்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி. முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

## ஒரே பார்வையில்

| | ஜப்பான் | ஐரோப்பா | அமெரிக்கா |
|---|---|---|---|
| உச்சத் தொடர் | சூப்பர் ஃபார்முலா | எஃப்2, பிறகு எஃப்1 | இண்டிகார் |
| செலவு யாருக்கு | பெரும்பாலும் நிறுவனம், அணி | குடும்பம், ஸ்பான்சர் அல்லது நிறுவனம் | ஸ்பான்சர், அணி, சில நேரம் ஹோண்டா |
| ஏறும் படியில் ஒரு பருவத் தொகை | நிறுவனத் திட்டத்தில் இருந்தால் கைச்செலவு குறைவு | எஃப்3: சுமார் 10–15 லட்சம் யூரோ, எஃப்2: சுமார் 20–30 லட்சம் யூரோ | இண்டி என்எக்ஸ்டி: சுமார் 10 லட்சம் டாலர், அதற்கு மேலும் |
| 2025 பருவ அளவு | 12 ரேஸ் | எஃப்2: 14 வார இறுதிகள் | 17 ரேஸ் |
| டயர் | யோகோஹாமா, 13 அங்குலம் | பிரெல்லி, எஃப்3 16 அங்குலம், எஃப்2 18 அங்குலம் | ஃபயர்ஸ்டோன், 15 அங்குலம் |
| பவர் ஸ்டீரிங் | உண்டு | எஃப்2-வில் இல்லை | இல்லை |
| பொருத்தமான நுழைவு வயது | எந்த வயதும் | 16–18 | 22-க்கு மேலும் தாமதமில்லை |
| தோற்றால் | சூப்பர் ஜிடி தொடரின் ஜிடி500, ஜிடி300 வகுப்புகள் | திரும்பும் இருக்கை ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் | ஜப்பான் அல்லது நீண்டதூரப் போட்டி |

தொகைகள் ரேஸ் வட்டாரத்தில் வழக்கமாகப் பேசப்படும் அளவுகள். அணிக்கு அணி, ஆளுக்கு ஆள் மாறும்.

## ஜப்பானில் இருப்பது

இந்தப் பாதை ஒரு தொழில். நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் தொடங்கும்: ஹோண்டாவுக்கு சுசுகாவில் ஹோண்டா ரேசிங் ஸ்கூல், டொயோட்டாவுக்குத் தனி ஓட்டுநர் திட்டம். தேர்வில் மேலே வருபவருக்கு எஃப்4 செலவை நிறுவனம் ஏற்கும். பிறகு சூப்பர் ஃபார்முலா லைட்ஸ், டல்லாரா 320 கார். 2019 வரை அனைத்து ஜப்பான் எஃப்3 என்ற பெயரில் ஓடிய தொடர்தான் இது. அதற்கு மேல் சூப்பர் ஃபார்முலாவும், அதோடு சேர்த்து ஜப்பானின் ஸ்போர்ட்ஸ் கார் தொடரான சூப்பர் ஜிடியும்.

சூப்பர் ஜிடி இங்கே துணைத் தொழில் இல்லை, வயிற்றுப்பாடு. 2025-இல் அதன் மேல் வகுப்பான ஜிடி500-இல் 15 கார்கள், காருக்கு இரண்டு பேர், 30 இருக்கைகள். டொயோட்டா, ஹோண்டா, நிசான் மூன்றும் ஓட்டுநருக்குச் சம்பளம் தருகின்றன. நிசான் சூப்பர் ஃபார்முலாவில் இல்லை, ஆகவே ஒற்றை இருக்கையையும் ஜிடி500-ஐயும் சேர்த்து ஓட்ட விரும்புபவருக்கு நடைமுறையில் ஹோண்டாவும் டொயோட்டாவும்தான். இரண்டு தொடரிலும் ஒரே நிறுவனத்தின் சின்னம். 2018-இல் நவோகி யமமோட்டோ சூப்பர் ஃபார்முலாவையும், ஜென்சன் பட்டனோடு சேர்ந்து ஜிடி500-ஐயும் ஒரே வருடம் வென்றார். ஷோ ட்சுபோய் 2024-இல் அதையே செய்தார். ஐரோப்பாவில் எஃப்2 சாம்பியனாகியும் அடுத்த வருடம் இருக்கை தேடி அலைபவர்கள் உண்டு. இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கார் நிறையக் கற்றுத்தரும். எஸ்எஃப்23 சேசிஸ் எல்லோருக்கும் ஒன்று, எஞ்சின் மட்டும் ஹோண்டா அல்லது டொயோட்டாவின் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ. எரிபொருள் ஓட்டத்தைக் கூட்டிக் கூடுதல் சக்தி தரும் ஓவர்டேக் பொத்தான் ஒரு ரேஸுக்கு மொத்தம் 200 விநாடி. அதை எப்போது செலவழிப்பது, எதிராளியிடம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவதே தனித் திறமை. யோகோஹாமா டயர் தொடர்ந்து அழுத்தி ஓட்டுவதைத் தாங்கும். இந்த நல்ல குணம்தான் பின்னால் ஐரோப்பா போகிறவருக்குப் பொறியாகிறது, அதற்கு வருவோம்.

மறைமுகச் செலவுகள் மூன்று.

ஒன்று, லைசென்ஸ். சாம்பியனுக்கே 25-தான். ஒரு சாம்பியன் பட்டமும் ஓர் இரண்டாம் இடமும் சேர்ந்தால் 45, அதுவும் மூன்று பருவங்களுக்குள். டொமோகி நோஜிரி 2021, 2022 இரண்டிலும் சாம்பியன், 50 புள்ளிகள். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எஃப்1-இலிருந்து யாரும் கூப்பிடவில்லை. யமமோட்டோவுக்கு 2019 சுசுகாவில் டோரோ ரோஸோ எஃப்1 காரில் ஒரு பயிற்சி ஓட்டம் கிடைத்தது. அத்தோடு சரி.

இரண்டு, நிறுவனக் கட்டு. ஹோண்டாவிலிருந்து டொயோட்டாவுக்கு மாற முடியும், நிரெய் ஃபுகுசுமி 2024-இல் மாறினார். ஆனால் மாறும்போது இரண்டு தொடரின் அணி, பொறியாளர், டயர்த் தரவு எல்லாம் ஒரே இரவில் மாறும்.

மூன்று, சுகம். நல்ல சம்பளம், தெரிந்த தடங்கள், சொந்த மொழி. 21 வயதில் "இன்னொரு வருடம் இங்கே, பிறகு ஐரோப்பா" என்று சொல்பவர் 24-இல் தான் கிளம்புவார்.

வெளிநாட்டவருக்கு இந்தத் தொடர் வேறு விதமாகப் பயன்படுகிறது. 2017-இல் பியர் கேஸ்லி முகென் அணியில் ஓட்டினார். சுசுகாவின் இறுதிச் சுற்று புயலால் ரத்தானதில் அரைப் புள்ளியில் பட்டத்தை இழந்தார். அதே பருவத்தின் நடுவில் எஃப்1-க்குள் போய்விட்டார். 2023-இல் லியாம் லாசன் முதல் ரேஸிலேயே ஃபூஜியில் வென்று, பட்டத்தில் இரண்டாமிடம். இருவரும் ரெட் புல் அனுப்பி வந்தவர்கள், எஃப்1 வாசல் அவர்களுக்கு ஏற்கெனவே திறந்திருந்தது. சூப்பர் ஃபார்முலா அவர்களுக்குக் காத்திருப்பு அறை. அதைக் காட்டி "ஜப்பானிலிருந்தே எஃப்1 போகலாம்" என்று ஜப்பானிய இளைஞரிடம் சொல்வது சரியல்ல. எஃப்1 முடித்து வருபவர்களுக்கும் இது நல்ல இடம். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2014 முதல் 2018 வரை இங்கே ஐந்து பருவம் ஓட்டி, 2019-இல் நாகாஜிமா ரேசிங்கின் ஜிடி500 காருக்கு மாறினார். அந்த வருட முடிவில் சூப்பர் ஜிடியும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரும் சேர்ந்து ஃபூஜியில் நடத்திய ரேஸையும் வென்றார்.

## ஐரோப்பா போவது

ஐரோப்பா காலக்கெடுவுள்ள பந்தயம். எஃப்4 முடித்த பிறகு இரண்டு, மூன்று பருவங்கள். அதற்குள் எஃப்2-வின் முன்வரிசைக்கு வராவிட்டால் ஸ்பான்சரும் நிறுவனமும் பொறுமை இழக்கும்.

இரண்டு ஓட்டுநர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ரிதோமோ மியாதா 1999-இல் பிறந்தவர், சுனோடா 2000-இல். ஜப்பான் எஃப்4-ஐ மியாதா 2016, 2017 இரண்டு வருடமும் வென்றார். 2017-இல் சுனோடா அதே தொடரில் அவருக்குப் பின்னால். சுனோடா 2018-இல் வென்றார். பிறகு பாதை பிரிந்தது.

சுனோடாவை ஹோண்டா 2019-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. எஃப்3-இல் பெரிய அணிகளுக்குப் பக்கத்தில் கூட வராத ஜென்சர் அணி. அதனால் மோன்சாவில் வந்த வெற்றி கூடுதலாகக் கவனிக்கப்பட்டது. அதே வருடம் யூரோஃபார்முலா ஓப்பனிலும் ஓட்டினார். இரண்டு தொடர் என்றால் இரண்டு மடங்கு தடப் பழக்கம், பணம் இருந்தால் நல்ல வழி. 2020-இல் எஃப்2 கார்லின் அணி, மூன்றாம் இடம். 2021-இல் எஃப்1, ஆல்ஃபா டாரி அணி. முதல் ரேஸ் பஹ்ரைனில் ஒன்பதாவது, கடைசி ரேஸ் அபுதாபியில் நான்காவது. வயது 21.

மியாதா ஜப்பானில் இருந்தார். 2020-இல் லைட்ஸ் சாம்பியன். 2023-இல் லாசனைத் தாண்டி சூப்பர் ஃபார்முலா சாம்பியன், அதே வருடம் ஜிடி500 சாம்பியன். ஜப்பானில் வெல்ல எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில் டொயோட்டா 2024-இல் எஃப்2-வுக்கு அனுப்பியது. அப்போது வயது 24. இரண்டு பருவம் ஓட்டியும் பட்டப் போட்டிக்குள் வர முடியவில்லை. லாசனை வென்றவர் எஃப்2-வில் தடுமாறியதை திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. காரணம் மூன்று இடத்தில் இருக்கிறது.

முதல் காரணம் டயர். எஃப்2-வின் 18 அங்குல பிரெல்லி, மேற்பரப்பு சூடேறினால் பிடியை இழக்கும். வளைவு வெளியேற்றத்தில் பின்சக்கரம் கொஞ்சம் சறுக்கினாலும் வெப்பம் ஏறும், ஏறிய வெப்பம் அடுத்த டயர் மாற்றம் வரை இறங்காது. யோகோஹாமாவில் ஒவ்வொரு சுற்றும் அழுத்திப் பழகிய கால், இங்கே ஐந்தாவது சுற்றிலேயே டயரைத் தின்றுவிடும். திராட்டிலைப் பாதி வழியில் நிறுத்தி, ஸ்டீரிங் நேரானபின் முழுதாக மிதிப்பது புதுப் பழக்கம். 18 வயதில் அது எளிதாக ஒட்டும்.

இரண்டாவது காரணம் நேரம். வார இறுதிக்கு 45 நிமிடப் பயிற்சி ஒன்று மட்டும், பிறகு நேராக 30 நிமிடக் குவாலிஃபையிங். ஐந்து செட் டயர். மென்டயரை முதன்முதலாக ஓட்டுவதே பல நேரம் குவாலிஃபையிங்கில்தான். மொனாக்கோவை எஃப்3 காலத்திலிருந்து தெரிந்தவர்களோடு முதன்முறை பார்ப்பவர் மோத வேண்டும். எஃப்3-இல் நெருக்கடி இன்னும் அதிகம்: 30 கார்கள் ஒரே நேரத்தில் சுத்தமான சுற்றுக்கு இடம் தேடும். சூடாக்கும் சுற்றில் முன்னால் இருப்பவர் மெதுவாகப் போனாலே டயர் குளிர்ந்து அந்த முயற்சி வீண். எஃப்3-இல் முதல் 12 பேர், எஃப்2-வில் முதல் 10 பேர் குறுகிய ஸ்பிரின்ட் ரேஸுக்குத் தலைகீழ் வரிசையில் நிற்பார்கள். ஆகவே பத்தாவது இடத்துக்கும் பதினொன்றாவது இடத்துக்கும் இடையே ஓராண்டுப் பலன் தொங்கும்.

மூன்றாவது காரணம் உடலும் மொழியும். எஃப்2 காரில் பவர் ஸ்டீரிங் இல்லை. தோள், முன்கை, கழுத்துப் பயிற்சி இல்லாமல் ஃபீச்சர் ரேஸின் கடைசிப் பத்து சுற்றில் கை நடுங்கும். பொறியாளரிடம் "முன்பக்கம் பிடிக்கவில்லை" என்பது போதாது. வளைவு நுழைவிலா, நடுவிலா, வெளியேற்றத்திலா, எத்தனையாவது சுற்றிலிருந்து என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும். எஃப்1 வந்தபிறகும் இந்தப் பாடம் முடியவில்லை: 2021-இல் சுனோடாவை மில்டன் கீன்ஸிலிருந்து இத்தாலியின் ஃபேன்சாவுக்கு, அணித் தலைமையகத்தின் அருகே, இடம் மாற வைத்தார்கள். உடற்பயிற்சியும் பொறியாளர்களோடு நேரமும்தான் நோக்கம்.

செலவில் மறைந்திருப்பவையும் இருக்கின்றன. மேலே சொன்ன தொகையில் விபத்துச் சேதம் பல ஒப்பந்தங்களில் அடங்காது. முன்சிறகு, தரைத்தளம், சஸ்பென்ஷன் கைகள் என்று ஒரு மோதலில் போகும் பாகங்களுக்குத் தனி பில் வரும். சிமுலேட்டர் நாட்கள், உடற்பயிற்சியாளர், ஐரோப்பாவில் வீடு, 16 வயதுப் பையனோடு தங்கும் பெற்றோரின் வேலை இழப்பு, யென் மதிப்பு இறங்கினால் ஏறும் யூரோ கணக்கு, இவை எதுவும் அணியின் விலைப்பட்டியலில் இருக்காது.

குறைந்த செலவில் நுழைய ஒரு வழி உண்டு. பிரெஞ்சு எஃப்4-இல் எல்லாக் கார்களையும் தொடரை நடத்தும் எஃப்எஃப்எஸ்ஏ அகாடமியே பராமரித்து ஓட வைக்கிறது. பணம் கொடுத்து நல்ல அணியை வாங்க முடியாது, அதனால் ஓட்டுநரின் உண்மையான அளவு சீக்கிரம் தெரியும். ஹோண்டா 2020-இல் இவாசாவை அங்கே அனுப்பியது, அவர் சாம்பியனானார். 2024-இல் தைதோ காதோவும் அங்கே வென்றார். ஜப்பான் எஃப்4-க்குப் பிறகு இன்னொரு எஃப்4 என்று முகம் சுளிக்க வேண்டாம். ஐரோப்பியத் தடம், மொழி, பொறியாளர் பழக்கம் மூன்றையும் மலிவாக வாங்கும் வருடம் அது.

இவாசாவின் கதையையே முழுதாகப் பார்த்தால் இந்தப் பாதையின் கசப்பும் தெரியும். எஃப்2-வில் 2022-இல் ஐந்தாவது, 2023-இல் நான்காவது. புள்ளிக் கணக்கில் 20 + 30 = 50, லைசென்ஸுக்குப் போதும். இருக்கை மட்டும் இல்லை. அவர் தயாரான நேரத்தில் ரெட் புல்லின் இரண்டாவது அணியில் சுனோடா, ரிக்கார்டோ, காத்திருப்பில் லாசன். ஹோண்டா அவரை 2024-இல் முகென் அணிக்கு அழைத்து வந்தது, அடுத்த வருடம் பட்டம். எனவே இவாசாவின் 2025 பட்டம் ஐரோப்பா போனதற்கு எதிரான சாட்சி இல்லை. ஐரோப்பாவில் மூன்று வருடம் பிரெல்லியோடு போராடியவர் திரும்பி வந்து வென்ற பட்டம் அது. அவருக்கு முன்னால் எஃப்2 போய்த் திரும்பிய ஃபுகுசுமி, டடாசுகே மகினோ (2018 மோன்சா ஃபீச்சர் ரேஸ் வென்றவர்), மட்சுஷிதா எல்லோரும் சூப்பர் ஃபார்முலாவில் இடம் பிடித்தவர்கள். நால்வருக்கும் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது.

அது இல்லாதவர் நிலைமை வேறு. எஃப்1-க்குள் வந்தபிறகும்கூட. கோபயாஷி 2012-இல் சுசுகாவில் சாபர் காரில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். டொயோட்டா எஃப்1-ஐ விட்டு 2009-இலேயே போயிருந்தது. பருவ முடிவில் இருக்கை போனது. ரசிகர்களிடம் நன்கொடை திரட்டியும் 2013-இல் எஃப்1-இல் இடமில்லை.

## அமெரிக்கா போவது

இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டகுமா சாட்டோவிடம் போவார்கள், போவதும் சரி. பள்ளிக் காலத்தில் சைக்கிள் பந்தய வீரர், இருபது வயதில்தான் சுசுகா பயிற்சிப் பள்ளி, 2001-இல் பிரிட்டிஷ் எஃப்3 பட்டம், 2004-இல் இண்டியானாபொலிஸில் எஃப்1 மேடை. அவ்வளவு தாமதமான தொடக்கம் இன்றைய புள்ளி முறையில் எஃப்1 வரை போகாது. இண்டிகாருக்கு 2010-இல் வந்தார். முதல் பருவம் விபத்துகளால் நிறைந்தது. 2012-இல் இண்டியானாபொலிஸின் 500 மைல் ரேஸான இண்டி 500-இன் கடைசிச் சுற்றில் முதல் வளைவில் ஃபிரான்கிட்டியைத் தாண்டப் போய்ச் சுவரில் மோதினார். 2013-இல் லாங் பீச்சில் வெற்றி, இண்டிகாரில் ஜப்பானியர் ஒருவரின் முதல் வெற்றி. 2017-இல் இண்டி 500, 0.2011 விநாடி இடைவெளியில். 2020-இல் மறுபடியும், 43 வயதில்.

இந்த வருடங்களை வரிசையாகப் படித்தால் அமெரிக்காவின் குணம் புரியும். வயதை மன்னிக்கிற ஊர். ஆனால் ஓவலை, அதாவது நீள்வட்டத் தடத்தை, கற்க வருடங்கள் ஆகும். இண்டியானாபொலிஸில் புதியவர் மூன்று கட்ட வேகத் தேர்வு முடிக்க வேண்டும்: மணிக்கு 205–210 மைலில் 10 சுற்று, 210–215-இல் 15, அதற்கு மேல் 15. சக்கர அளவே இடமும் வலமும் வேறு, கார் நேர்க்கோட்டில் இடப்பக்கம் இழுக்கும். காரின் சமநிலையைச் சரிசெய்யும் வெய்ட் ஜாக்கரையும் ஸ்டெபிலைசரையும் ஓட்டிக்கொண்டே மாற்ற வேண்டும். பக்கத்தில் கார் இருக்கிறதா என்பதைத் தடத்தைக் கண்காணிக்கும் ஸ்பாட்டர் ஆங்கிலத்தில் சொல்வார். அரை விநாடி தாமதமாகப் புரிந்தால் சுவர். பவர் ஸ்டீரிங் இல்லாததால் தெருத் தடங்களில் கைக்கு வேலை எஃப்2-வைவிடக் கடுமை.

இங்கே நேராக இண்டி என்எக்ஸ்டிக்குப் போவதைவிட சூப்பர் ஃபார்முலாவில் இரண்டு பருவம் ஓட்டிவிட்டுப் போவதே மேல் என்பது எங்கள் மதிப்பீடு. காரணம் அலெக்ஸ் பலோ. ஸ்பெயின்காரர், 2019-இல் நாகாஜிமா ரேசிங்கில் சூப்பர் ஃபார்முலா ஓட்டி மூன்றாவது. ஜப்பானின் டீம் கோ ஆதரவோடு 2020-இல் டேல் காயின் அணிக்குப் போனார். 2021, 2023, 2024, 2025 என நான்கு இண்டிகார் பட்டம், 2025 இண்டி 500-உம். அதிக டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை), பிட் உத்தி, ஓவர்டேக் பொத்தான் கணக்கு எல்லாம் சூப்பர் ஃபார்முலாவிலிருந்து அப்படியே கைமாறும். பெரிய வித்தியாசம் ஓவல்தான்.

எஃப்1 கனவு இன்னும் மிச்சமிருந்தால் அமெரிக்கா சுற்றுவழி. அமெரிக்கரான கோல்ட்டன் ஹெர்ட்டா இண்டிகாரில் ரேஸ் வென்றவர், லைசென்ஸ் புள்ளி போதாமல் 2022-இல் எஃப்1 வாய்ப்பு நழுவியது. காடிலாக் எஃப்1 அணியின் சோதனை ஓட்டுநரான பிறகும் 2026-இல் எஃப்2-வுக்கு வருகிறார். அமெரிக்கருக்கே இந்த நிலை.

## யாருக்கு எது

ஐரோப்பா: வயது 18-க்குள், எஃப்4-இல் பட்டம் அல்லது பட்டத்துக்குப் பக்கம், நிறுவனம் செலவை ஏற்கிறது, திரும்பும் இருக்கை எழுத்தில் இருக்கிறது. நான்கும் இருந்தால் தயங்க வேண்டாம். மூன்று இருந்தால் பேச்சுவார்த்தை. பணம் குடும்பத்துடையது என்றால், எஃப்3-இல் ஒரு பருவத்துக்கு மட்டும் இருக்கும் பணத்தோடு போகாதீர்கள். முதல் பருவம் தடம் கற்பதிலேயே போய்விடும், பலன் வருவது இரண்டாவதில்.

ஜப்பான்: நிறுவனத் திட்டத்தில் இருக்கிறார், வயது 20-ஐத் தாண்டிவிட்டது, 15 வருடம் ஓட்டிச் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம். பின்னால் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் என்ற கதவும் உண்டு. கசுகி நாகாஜிமா 2018 முதல் மூன்று முறை தொடர்ந்து, கோபயாஷி 2021-இல், ரியோ ஹிராகாவா 2022-இல் டொயோட்டாவோடு வென்றார்கள். மூவருமே சூப்பர் ஃபார்முலா ஓட்டியவர்கள்.

அமெரிக்கா: எஃப்1 வயது போய்விட்டது என்று ஏற்றுக்கொண்ட, 22 முதல் 28 வயதுள்ள, சூப்பர் ஃபார்முலாவில் வென்று பழகியவர். ஆங்கிலம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

## கையெழுத்துக்கு முன்

சூப்பர் ஃபார்முலா அணிகள் அடுத்த வருட ஓட்டுநரைப் பெரும்பாலும் பருவம் முடிந்ததும் சுசுகாவில் நடக்கும் சோதனை ஓட்டத்தைச் சுற்றியே முடிவு செய்கின்றன. எஃப்2 பருவம் டிசம்பரில் அபுதாபியில் முடிகிறது. எஃப்2 முடிந்த பிறகு யோசிக்கலாம் என்றால் ஜப்பானில் நல்ல கார்கள் போயிருக்கும். எனவே ஐரோப்பா ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்:

- திரும்பினால் எந்தத் தொடர், எந்தத் தேதிக்குள் முடிவு
- விபத்துச் சேதத்துக்கு ஆண்டு உச்சவரம்பு, அதற்கு மேல் யார் கட்டுவது
- சோதனை நாட்கள், சிமுலேட்டர் நாட்கள் எத்தனை, டயர் செட் உட்படவா
- எஞ்சின் நிறுவனம் எஃப்1-இல் அணி மாறினால் அல்லது விலகினால் ஓட்டுநர் விடுபடும் உரிமை
- இரண்டாவது தொடர் ஓட்டத் தனி அனுமதி வேண்டுமா
- எஃப்1 பயிற்சி ஓட்டம். 2025 முதல் ஒவ்வொரு எஃப்1 அணியும் காருக்கு இரண்டு, ஆக நான்கு பயிற்சி ஓட்டங்களைப் புதியவருக்குத் தர வேண்டும். ஆஸ்டன் மார்ட்டினிலோ ஹாஸிலோ அதில் ஒன்றைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள்